சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போன காடு

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கண்ணாடி போடாமல் ஓர் அறிவிப்புப் பலகையைப் பார்த்து, அதற்கு நானே ஒரு பொருளையும் கண்டுபிடித்து, மூன்று பேரை வெறுங்காலோடு காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனவன் நான். அந்த மூவரில் ஒருத்தி என் மனைவி. அவள் பழகியவள். மற்ற இருவரும், என் மகளைத் தங்கள் மகனுக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்தவர்கள்.

அந்த இடம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒக்லாந்தின் மேற்கே, வைட்டாக்கரே மலையில் ஒரு நடைபாதையின் வாசல். மரத்தால் செய்த சின்னக் கொட்டகை. பக்கத்தில் ஒரு மரத்தட்டு. அதில் வரிசையாகச் சப்பாத்துகள், பெரிதும் சிறிதுமாக, அப்போதுதான் கழுவி வைத்ததுபோல் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன. கொட்டகைக்குள் ஒரு பலகை. பலகையில் ஒரு சப்பாத்தின் படம். படத்துக்குக் கீழே எழுத்துகள். எனக்கு அவை எறும்பு ஊர்ந்த மாதிரித் தெரிந்தன.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெடியன் வெறுங்காலோடு வெளியே வந்தான். சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு.

ஆயுசு முழுக்கக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்தே பழகிய ஒருவனுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"இஞ்ச சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போகவேணும்," என்றேன்.

மலை இல்லாத ஊர்க்காரன்

மலைக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் ஊரில் ஏறக்கூடிய உயரம் என்றால் வீட்டுக் கூரை. அதுவும் பந்து போய் விழுந்தால்.

இங்கே வந்து, தெற்கு ஒக்லாந்தில் விரி என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை. அங்கே உயரத்தில் இருக்கிற சாமானை இறக்க ஃபோர்க்லிஃப்ட் இருக்கிறது. அப்படியொரு யந்திரத்தைக் கண்டுபிடித்த பிறகும் மனிதன் எதற்காக ஏறுகிறான் என்பது எனக்கு விளங்கியதே இல்லை. இந்த நாட்டில் சனிக்கிழமை வந்தால் பாதிச் சனம் மலைக்குப் போகிறது. நான் ஒடாஹுஹுவுக்குப் போய் மீன் வாங்கி வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன்.

இதைத்தான் நான் கார்த்திக்கிடம் சொல்லியிருக்கவேண்டும்.

கார்த்திக் என் மகள் அபியோடு வேலை செய்கிற பையன். திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பம். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, பேச விஷயமில்லாமல், "அங்கிள், வீக்கெண்ட்ல என்ன பண்ணுவீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டான். தொலைக்காட்சியில் யாரோ ஒரு மனிதர் முதுகில் பையோடு மலை ஏறிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். கார்த்திக்கைப் பார்த்தேன்.

"நடக்கிறதுதான். மலைப்பக்கம் போவன்," என்றேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி சாரதாவுக்குப் புரைக்கேறியது. தேத்தண்ணி குடிக்காமலே புரைக்கேறிய முதல் பெண் அவளாகத்தான் இருக்கும்.

பையன் போய் வீட்டில் சொல்லியிருக்கிறான். அவன் அம்மா ருக்மணிக்கு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்ததாம். அவர் ஊரில் இருந்த காலத்தில் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போனவர். வெறுங்காலோடு, மலையைச் சுற்றி, விடிய விடிய நடந்தவர். ஈஸ்ட் டாமாக்கிக்கு வந்த பிறகு சுற்ற மலையில்லாமல், தொழிற்சாலைகளைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறார். "நடக்கிற குடும்பமா? அப்ப ஹோட்டல்ல எதுக்கு உக்காரணும், மலையிலயே பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

இப்படித்தான் என் மகளின் பெண்பார்க்கும் படலம் மலையேறியது.

முதல்நாள் மாலை அபி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இங்கே பிறந்த பிள்ளை. ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். முக்கியமான விஷயம் என்றால் மட்டும் தமிழ் வரும். அன்றைக்குத் தமிழ் வந்தது.

"அப்பா, கார்த்திக்கின்ர அம்மா இன்னும் ஓம் சொல்லேல்லை. அவ ஓம் சொல்லாட்டி அவன் ஒண்டும் செய்யமாட்டான். ப்ளீஸ் அப்பா. நாளைக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி நிக்காதேங்கோ."

"நான் எப்பவடி அப்படி நிண்டனான்?"

அவள் எழுந்து போனாள். அந்தத் தமிழும் அவளோடு போய்விட்டது.

காரோடு போன கண்ணாடி

அந்த நடைபாதை மலை முதுகில் தொடங்கி, புதர்க்காட்டைத் தாண்டி, கடற்கரையில் முடிகிறது. ஏறுகிற இடத்தில் காரை விட்டால் இறங்குகிற இடத்தில் கார் இருக்காது. அதனால் கார்த்திக் எங்கள் நாலு பேரையும் மேலே இறக்கிவிட்டு, காரைக் கீழே கொண்டுபோவது என்று ஏற்பாடு.

"நீங்க நாலு பேரும் பேசிக்கிட்டே வாங்க. நாங்க பீச்ல சாப்பாட்டோட நிக்கிறோம்," என்றான். பெற்றவர்கள் தனியாகக் கதைக்கட்டும் என்பது பிள்ளைகளின் திட்டம். நல்ல திட்டம். கார் வளைவில் மறைந்த பிறகுதான் என் கண்ணாடி புளிச்சாதச் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

கார்த்திக்கின் அப்பா சுந்தரம் சாந்தமான மனிதர். ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறவர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். நான் சப்பாத்தைக் கழற்றச் சொன்னதும் அவர் குனிந்துவிட்டார்.

சாரதா என் முழங்கையைப் பிடித்தாள். "இஞ்சேருங்கோ, வடிவாப் பாத்தனீங்களே?"

"பாத்துத்தான் சொல்லுறன். இது கவுரி மரக்காடு. மாவோரிச் சனம் இந்த மரத்தைத் தெய்வம் மாதிரி வைச்சிருக்கினம். சப்பாத்தோட உள்ளுக்குப் போறது மரியாதையில்லை."

இதில் மாவோரி மக்கள் அந்த மரத்தை மதிக்கிறார்கள் என்பது உண்மை. மீதி என் சொந்தத் தயாரிப்பு.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. வாராவாரம் வர்றவரு," என்றார் சுந்தரம். காலுறையை மடித்துச் சப்பாத்துக்குள் வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்தார். "டோக்கன் ஏதும் குடுக்க மாட்டாங்களா?"

"இந்த நாட்டில களவு குறைவு அண்ணை."

கொட்டகைக்குள் மிதித்தால் தண்ணீர் பீச்சுகிற ஒரு கருவி இருந்தது. கீழே பிரஷ்கள். குதிக்கால் தேய்க்கக்கூடப் பிரஷ் வைத்திருக்கிறான் பார், வெள்ளைக்காரன் எதையும் ஒழுங்காகச் செய்வான் என்று மெச்சினேன். ஒவ்வொருவராக மிதித்து, உள்ளங்காலைக் காட்டி, நனைத்துக்கொண்டோம். தீர்த்தம் ஆஸ்பத்திரி மணம் மணத்தது. சுந்தரம் பழக்கதோஷத்தில் இரண்டு துளியைத் தலையில் தெளித்துக்கொள்ளப் போனார். நல்லவேளையாகச் சாரதா தடுத்தாள்.

ருக்மணி கடைசியாக வந்தார். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையின் முன்னால் கொஞ்சநேரம் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றி, எங்கள் மூன்று சோடிக்குப் பக்கத்தில் நேராக வைத்தார்.

பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெர்மன்காரர்கள்

முதலில் பலகை போட்ட பாதை. காலுக்குக் குளிர்ச்சி. இருபக்கமும் ஆளுயரப் பன்னச் செடிகள். மேலே ஒரு பறவை கதவு கிறீச்சிடுவதுபோலக் கத்தியது. பிறகு நடுவில் நிறுத்தி, மணியடிப்பதுபோல ஒலித்தது. தூய் என்ற பறவை அது. அந்தப் பெயர் மட்டும் எனக்குத் தெரியும். தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு கொஞ்சத்தூரம் ஓட்டினேன்.

பலகை முடிந்து சரளைக்கல் தொடங்கியது. பருப்பு கிண்டுகிற அகப்பை மாதிரி என் கால்கள் அங்குமிங்கும் திரும்பின. முகத்தில் மட்டும் மலையேறியின் சிரிப்பு. சுந்தரம் எனக்குப் பின்னால் "ஸ்ஸ்... ஸ்ஸ்..." என்று பிரஷர் குக்கர்போல வந்துகொண்டிருந்தார். சாரதா வாயைத் திறக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு மிகவும் பயந்தருகிற சத்தம் அதுதான்.

ருக்மணி மட்டும் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல முன்னால் போனார்.

எதிரே ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். இருவர் காலிலும் கணுக்கால் வரை மூடிய பெரிய சப்பாத்து. எங்கள் எட்டுக் கால்களையும் பார்த்துவிட்டு, "குட் ஆன் யூ!" என்று சொல்லிப் போனார்கள்.

"பாத்தீங்களே, மெச்சிப்போட்டுப் போகினம்," என்றேன்.

"அவங்க ஷூ போட்டிருக்காங்களே அண்ணே?" சுந்தரம் கேட்டார்.

நான் யோசிக்க நேரம் எடுக்கவில்லை. "ஜெர்மன்காரர் போல. வெளியில இருந்து வாறவைக்கு இந்த முறையள் தெரியாது."

அடுத்து சப்பாத்தோடு வந்த மூன்று இளைஞர்களும் ஜெர்மன்காரர்கள். அதற்கடுத்து நாலு பெண்கள். அவர்களும் ஜெர்மன்காரர்கள். ஜெர்மனியே அன்றைக்கு வைட்டாக்கரேக்கு வந்திருந்தது. பிறகு ஒரு சிவப்புத் தொப்பிப் பெண் தனியாக வந்தாள். ருக்மணி அவளை நிறுத்தினார்.

"ஹலோ மா. வேர் ஆர் யூ ஃப்ரம்?"

"ஹென்டர்சன்," என்றாள் அவள்.

ஹென்டர்சன் என்பது அங்கிருந்து காரில் கொஞ்சத்தூரம். எங்கள் வழியில்தான் வந்தது. அங்கே நிறுத்தித்தான் வெற்றிலை வாங்கினோம்.

அவள் போனதும் ருக்மணி என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "ஹென்டர்சன் ஜெர்மனியிலயா இருக்கு சார்?"

சாரதாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

எனக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது. நான் செய்தது பிழை. திரும்பி நடந்தால் சப்பாத்து இருக்கிறது. அதிகத் தூரமுமில்லை. ஆனால் திரும்பினால், "எல்லாம் தெரிஞ்ச மாதிரி நிக்காதேங்கோ" என்று மகள் கெஞ்சிக் கேட்ட அதே காரியத்தை, கெஞ்சிய மறுநாளே செய்தேன் என்று ஆகும். இந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தால் பேரப்பிள்ளைகளும் இப்படித்தான் வரும் என்று அந்த அம்மா நினைத்தால்?

"கொஞ்சம் விரைவா நடப்பம்," என்றேன். "பிள்ளையள் பாத்துக்கொண்டு நிப்பினம்."

புதர்க்காட்டில் ஒரு கேள்வி

பெரிய மரங்கள் முடிந்து மலையின் முதுகு திறந்தது. இடுப்பளவு மனுக்காப் புதர், அள்ளிக்கொண்டு போகிற காற்று, கீழே தூரத்தில் வெள்ளை நுரையோடு கடல். இதைப் பார்க்கத்தான் இந்தச் சனம் வருகிறது என்று ஒரு கணம் எனக்கே விளங்கியது. உடனே காலில் முள் ஏறியது. மஞ்சள் பூப் பூத்து, பார்க்க வடிவாக நிற்கிற கோர்ஸ் செடி. சருகெல்லாம் முள்.

ஒரு கல்லில் உட்கார்ந்து முள்ளெடுத்தேன். சுந்தரமும் சாரதாவும் முன்னால் போய்விட்டார்கள். புளிச்சாதத்துக்கு நிலக்கடலை போடலாமா என்று அவர்கள் கதைத்துக்கொண்டு போனது காற்றில் கேட்டது. ருக்மணி என் பக்கத்தில் நின்றார். கொண்டையில் இருந்து ஒரு ஊசியைக் கழற்றித் தந்தார்.

"உங்க பொண்ணு எப்படி சார்?"

முள்ளைவிட இது ஆழமாக இறங்கியது. "நல்ல பிள்ளை அக்கா."

"எல்லா அப்பாவும் அதத்தான் சொல்வாங்க. கோவம் வருமா?"

"வரும். கெதியாப் போயிடும்."

"தப்புன்னா ஒத்துக்குவாளா?" அவர் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "எங்க வீட்ல ரெண்டு ஆம்பளைங்க. ஒருத்தருக்கும் அந்த வழக்கம் கெடையாது. பாலைக் கீழ கொட்டிட்டு, தரை சரியில்லம்பாங்க. இன்னொருத்தரும் அப்படியே வந்துட்டா என்னால முடியாது. அதுக்குத்தான் கேக்குறேன்."

கையில் ஊசி. காலில் முள். வாயில் ஒரு வசனம் தயாராக இருந்தது. 'அக்கா, பலகை விஷயத்தில நான் பிழைவிட்டிட்டன்.' அதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது.

"ஒப்புக்கொள்ளுவாள்," என்றேன். "அவள் தாயைப் போல."

அவர் ஊசியை வாங்கிக் கொண்டையில் செருகினார். "ம்," என்றார்.

கறுப்பு மணல்

மேற்குக் கரை மணல் கறுப்பு. இரும்பு கலந்த மணல். கோடை மதியத்தில் அது தோசைக்கல். இதை இங்கே பிறந்த குழந்தைகூட அறியும். நானும் அறிவேன். எப்போதும் செருப்போடு போனதால் அது என் காலுக்குத் தெரியாது.

பாதை முடிந்த இடத்துக்கும் கார் நிற்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு பெரிய மணல்வெளி. அந்தக் கரையில் அபியும் கார்த்திக்கும் கைகாட்டினார்கள். சுந்தரம் உற்சாகமாகக் கைகாட்டிக்கொண்டே மணலில் இறங்கினார்.

"அம்மாடீ!"

அவ்வளவு சாந்தமான மனிதர் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. அவர் ஓடுவதைப் பார்த்து, என்னமோ நல்லது நடக்கிறது என்று நானும் ஓடினேன். நடுவழியில்தான் உள்ளங்காலில் இருந்து செய்தி மூளைக்கு வந்து சேர்ந்தது. முன்னுக்கும் போக முடியாது, பின்னுக்கும் போக முடியாது.

"எங்க ஊர் தீமிதிக்குக்கூட விரதம் இருக்கச் சொல்வாங்க அண்ணே!" சுந்தரம் குதித்துக்கொண்டே கத்தினார். "ஒரு வார்த்தை முன்னாடி சொல்லக்கூடாதா?"

கிரிவலம் போன கால்களும் குதித்தன. சாரதாதான் தன் சால்வையை உருவி மணலில் விரித்தாள். நாங்கள் நாலு பேரும் அதன்மேல் பாய்ந்தோம். சால்வை ஒருவருக்கே போதாது. ஒருவர் காலை ஒருவர் மிதித்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, கறுப்புக் கடலுக்கு நடுவே ஒரு தீவில் நிற்பதுபோல நின்றோம். இரண்டு குடும்பங்கள் இவ்வளவு விரைவில் இவ்வளவு நெருங்கியதாகச் சரித்திரமே இருக்காது.

சாரதாவின் வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. "இப்பவாவது சொல்லுங்கோ."

சொன்னேன். "அக்கா, அண்ணை, மன்னிக்கவேணும். எனக்கு அந்தப் பலகை வாசிக்கத் தெரியேல்லை, கண்ணாடி காரில. அவை ஜெர்மன்காரருமில்லை. நான் மலை ஏறுறவனுமில்லை. சனிக்கிழமையில நான் நித்திரை."

சுந்தரம் என் தோளைப் பிடித்தபடியே சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரிக்கச் சிரிக்கச் சால்வை ஆடியது. ருக்மணி சிரிக்கவில்லை.

அதற்குள் அபி ஓடிவந்துவிட்டாள். காலில் ஜண்டல், இங்கே ரப்பர் செருப்புக்கு அப்படித்தான் பெயர். பின்னால் கார்த்திக் காரின் கால்மிதிகளைப் பிடுங்கி எடுத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாதை அமைத்துக்கொண்டு வந்தான்.

"அப்பா! சப்பாத்து எங்க?"

"மேல வைச்சிட்டு வந்தம். வாசலில."

"அது சப்பாத்தைக் கழுவிப்போட்டு, போட்டுக்கொண்டு போறதுக்கு அப்பா! சப்பாத்து மண்ணால கவுரி மரத்துக்கு நோய் பரவாம இருக்க!" அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபமா, பயமா தெரியாது. பிறகு ருக்மணியைப் பார்த்தாள். தன் ஜண்டலைக் கழற்றி, குனிந்து, அவர் கால்களுக்கு முன்னால் வைத்தாள்.

"சொரி ஆன்ட்டி. அப்பாவைத் தனிய விட்டது என்ர பிழை. நான் கூட வந்திருக்கவேணும்."

ருக்மணி செருப்பைப் போட்டுக்கொண்டார். என் மகள் சூட்டில் துள்ளித் துள்ளி முதல் கால்மிதிக்கு ஓடினாள். அதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

புளிச்சாதத்தை எல்லோரும் கால்களைக் கடலில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

மிச்சம்

சப்பாத்தை எடுக்கக் காரில் மேலே போனோம். நாலு சோடியும் வைத்தபடியே இருந்தன. பக்கத்தில் இருந்த ஈரச் சப்பாத்துகளைக் காணோம். காயவைத்திருந்தவர்கள் வந்து போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் எங்கள் சோடிகளுக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு சோடி செருப்பு, அழகாக, நேராக, அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒன்றில் மணி வைத்த கோலாப்பூரி வேலைப்பாடு.

கார்த்திக் அந்தச் செருப்புகளைத் தூக்கிக்கொண்டு பாதைக்குள் ஓடினான்.

சில வாரம் கழித்து அவர்கள் வீட்டிலிருந்து ஓம் என்ற செய்தி வந்தது. சாரதா இரண்டு தரம் அழுதாள், அபி ஒரு தரம். என் உள்ளங்கால் தோல் உரிந்து புதுத்தோல் வந்திருந்தது. நாள் குறிக்க ஈஸ்ட் டாமாக்கிக்குப் போனோம். மற்றவர்கள் நாள்காட்டியைச் சுற்றி நிற்க, நான் மெதுவாக ருக்மணியிடம் போனேன்.

"அக்கா, அண்டைக்கு அந்தப் பலகையை நீங்கள் வாசிச்சனீங்கள்தானே?"

"வாசிச்சேனே. பெரிய எழுத்துலதான் போட்டிருந்துச்சு."

"பிறகேன் சொல்லேல்லை?"

"எப்பத்தான் ஒத்துக்குவீங்கன்னு பாத்துக்கிட்டு வந்தேன். மணல் சுடும்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்." காப்பித் தம்ளரை என் கையில் வைத்தார். "செஞ்ச தப்பைச் சொல்ல உங்களுக்குக் கால் வேகணும். உங்க பொண்ணு செய்யாத தப்புக்கு சாரி சொன்னா. அவளுக்கு உங்க புத்தி வரல சம்பந்தி, அதனாலதான் சரின்னேன்."